சாமியார் வீட்டு ஐஸ்பெட்டி

கல்லூரி ஆய்வுக்கூடத்தின் ஐஸ்பெட்டி மூச்சை நிறுத்தியபோது உள்ளே விலங்கியல் வாத்தியார் தோமினிக்கின் ஆட்டெலும்பு இருந்தது. வெளியே 1958ஆம் வருடத்துச் சேலம் வெயில்.

எலும்பு ஒரு வாரம் குளிரில் கிடக்க வேண்டும். பிறகு அதன் ரத்தக்குழாயில் உப்புநீர் விட்டு, ஒரு துளி மருந்து சேர்க்க வேண்டும். குழாய் சுருங்கி ஓட்டம் குறைந்தால் எலும்புக்கு உயிர் இருக்கிறது. இருந்தால், ஆஸ்பத்திரியில் எலும்பு சேமிக்க ஒரு பெட்டி வாங்கலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

போன வருடம் அயோத்தியாப்பட்டணத்தில் லாரி மோதி, தோமினிக்கின் மனைவி ஜெபமலரின் கால் எலும்பு நொறுங்கியது. பொருத்த வேறு எலும்பு கையிருப்பில் இல்லை. காலை எடுத்தார்கள். அப்புறம் அவளும் இருக்கவில்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை. ஆட்டெலும்பைப் பற்றித்தான் பேசுவான்.

எலும்பிருந்த கண்ணாடிச் சாடியைத் தூக்கிக்கொண்டு சூரமங்கலத்தில் சலீமின் சோடாக் கடைக்கு ஓடினான். ஐஸுக்குள் வைத்தான். சாயங்காலமே சலீம் கூப்பிட்டனுப்பினான்.

"சோடா கேட்டு வர்றவங்க எலும்பப் பாத்துட்டு ஓடுறாங்க சார்."

தோமினிக் சாடியைச் சாக்கால் சுற்றினான். மறுநாள் நிலைமை இன்னும் மோசம்.

"இப்ப சாக்குல என்னன்னு கேட்டுட்டு ஓடுறாங்க."

கடைசியில் மாதாகோயில் பங்குச் சாமியார் வீட்டில், மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி கிடைத்தது. சமையல்காரர் சவரியார் கையில் கிடைத்ததைக் குழம்பாக்கிவிடுவார் என்று தோமினிக்குக்குப் பயம். அது ஆட்டெலும்பு, கறிக்கடையில் வாங்கியது, ஆனால் சமைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அப்ப கவுச்சிதானுங்க?" என்று சவரியார் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

"கவுச்சிதான். சமைச்சுடாதீங்க."

திங்கட்கிழமை, பெரிய டாக்டர் முன்னிலையில் உப்புநீர் சொட்டியது. மருந்தைச் சேர்த்தான். சொட்டு குறையவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்தான். அது தன்பாட்டுக்குச் சொட்டியது.

"விடப்பா. குளிர்ல வெச்சா எதுவும் பொழைக்காது" என்று டாக்டர் எழுந்துகொண்டார். பெட்டி வாங்கும் பேச்சும் அவரோடு எழுந்து போயிற்று.

தோமினிக்குக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். நிம்மதி வந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேமித்து வைத்திருந்தாலும் அது செத்துத்தான் போயிருக்கும். ஜெபமலருக்கு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. வெகுநாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டான்.

மாலையில் நன்றி சொல்லச் சாமியார் வீட்டுக்குப் போனான். சவரியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பத்திரமாப் பாத்துக்கிட்டனுங்க சார். வெள்ளிக்கிழமை மட்டும், சாமியார் ஊட்டுப் பொட்டியில கவுச்சி ஆகாதுன்னு அடுப்போரமா எடுத்து வெச்சிருந்து, சனிக்கிழமை விடிஞ்சதும் பழையபடி உள்ள வெச்சுட்டனுங்க."