நின்ற இடத்தில் வெள்ளிமலை

இந்தப் புரட்டாசிக்குள் காரைக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஓட்டிக் காட்டாவிட்டால் மீசையை எடுத்துவிடுவது என்று ராஜாங்கம் முடிவு செய்திருந்தார்.

மீசை பெரியது. கார் பழையது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் மரத்தில் மோதி மூஞ்சி நசுங்கிக் கிடந்த அம்பாசிடரை, டிராக்டரில் கட்டித் தியாகதுருகத்துக்கு இழுத்து வந்தவர் அவர். கிணற்றடி வேப்பமரத்தில் சங்கிலி கட்டி, செத்துப்போன இன்ஜினை அவரே தூக்கி எடுத்தார். நசுங்கலைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். சேலத்தில் வாங்கிய டீசல் இன்ஜினை உள்ளே இறக்கிய அன்று, பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர் மாதிரி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதை வாங்குவதற்காக, பம்பு ஓட்டிக்கொண்டிருந்த ஆயில் இன்ஜினை விற்றிருந்தார். “அதான் கரண்டு மோட்டார் வந்துட்டுதே” என்றார். மனைவி தைலம்மாள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பதை, கல்யாணமாகி இருபது வருடமாகியும் மனுஷன் கற்றுக்கொள்ளவில்லை.

இன்ஜின் மாட்டிய மறுநாள் சாலை மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வழிநெடுக வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே படுத்துக் கிடந்தன. ஒரு மரம் கரண்டுக் கம்பியோடு சாய, மோட்டாரும் நின்றது. மழையும் ஏமாற்றிய வருடம். நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. இன்னும் ரெண்டு நாள் போனால் நாற்று கருகிவிடும். தைலம்மாள் வெடிப்பைப் பார்த்தாள். ராஜாங்கம் மேற்கே நீலமாகக் கிடந்த கல்வராயன் மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இன்னாங்க, வண்டிய சும்மாவே வெச்சிக்கினு இருக்கீங்க?”

“ரோடு இல்லியே தைலா.”

“புது இன்ஜின மெள்ள ஓட்டிப் பழக்கணும்னு சொன்னீங்களே?”

“ஆமா. பழக்காம மலை ஏறுனா சூடாயிடும்.”

“அத நின்ன எடத்துலயே பழக்குங்களேன். பின்சக்கரம் ஒண்ண ஜாக்கி போட்டுத் தூக்குங்க. அது பாட்டுக்கும் சுத்தட்டும்.”

ராஜாங்கம் வாயைப் பிளந்தார். இத்தனை நாள் காரை ‘அந்தக் கருமம்’ என்று சொன்னவளா இவள்?

“டயரு தேஞ்சிடும், கழட்டிடுங்க. வெறும் ரிம்மு போதும்.”

“உனுக்கு எம்மாம் அறிவு தைலா!”

“பம்பு கொட்டாய் ஓரமா நிறுத்துங்க. வெயிலு படாது.”

நிறுத்தினார். தூக்கினார். கழற்றினார். உள்ளே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கண்ண மூடிக்கினு ஓட்டுங்க. அப்பதான் ரோடு நல்லா தெரியும்.”

“நீ ஏறல?”

“சக்கரத்துக்கு முட்டுக்கல்லு வெச்சிட்டு வரேன். ரைட்டு சொன்னதும் எடுங்க.”

பின்னால் ஏதோ சரசரத்தது. பிறகு அசல் கண்டக்டர் குரலில், “ரைட்ட்!”

ராஜாங்கம் கிளம்பிவிட்டார். கள்ளக்குறிச்சி கடந்தது. கச்சிராயபாளையம் கடந்தது. கோமுகி அணை ஓரமாக மினுமினுத்தது. கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் லேசாக முக்கியது. ஏற்றமாயிற்றே, முக்காமல் என்ன செய்யும் என்று கியரைக் குறைத்தார். மூங்கில் காடு வந்தது. பனி வந்தது. தைலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். இவ்வளவு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. ஒரு திருப்பத்தில் சோவென்று அருவிச் சத்தம். முகத்தில் சாரல் அடித்தது.

சட்டையும் நனைந்ததால் கண்ணைத் திறந்தார்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பின்சக்கர ரிம்மிலிருந்து பம்பின் சக்கரத்துக்குப் பழைய ஆயில் இன்ஜின் பெல்ட்டு பறந்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் தொட்டியில் குதித்துச் சிதறியது. நாற்றங்கால் ததும்ப நிறைந்து, கல்வராயன் மலை முழுசும் அதில் தலைகீழாக நின்றது.

மடை திருப்பிக்கொண்டிருந்த தைலம்மாள் மண்வெட்டியோடு நிமிர்ந்தாள்.

“இன்னாங்க, வெள்ளிமலை வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்” என்றார் ராஜாங்கம், ஈனக்குரலில்.

“நிறுத்திடாதீங்க. அப்பிடியே அந்தாண்ட எறங்கி ஆத்தூரு வரிக்கும் போயிட்டு வாங்க. பக்கத்துக் கொல்லை ஆயம்மாக்கா நாத்துக்கும் தண்ணி வுடறேன்னு சொல்லிட்டேன்.”