சொல்தா வீட்டு மஞ்சள் கார்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். கடந்த பதினைந்து வருஷத்தில் நான் ஆறு கார் மாற்றியிருக்கிறேன். 'விலை இறங்குவதற்குள் தள்ளிவிட வேண்டும்' என்ற மேதாவித்தனத்தில்தான் ஒவ்வொன்றையும் விற்றேன். ஒவ்வொரு முறையும் விலை எனக்கு முன்னாலேயே இறங்கிப் போய், கீழே நின்று என்னை வரவேற்றது. ஆறாவது காரை விற்ற கையோடு ஸ்கூட்டருக்கு வந்துவிட்டேன். இத்தனைக்கும் என் தொழில் வண்டி இன்சூரன்ஸ். ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் மதிப்புப் போட்டுச் சொல்கிறவன் நான்.

இப்படிப்பட்ட நான், ஒரே காரைப் பதினைந்து வருஷம் வைத்திருந்த ஒருவருக்கு, வருஷம் தவறாமல் 'வித்துடுங்க' என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரைக்காலில் கார் வாங்கியவர்கள் ஏராளம். ஒரு காரோடு குடித்தனம் நடத்தியவர் சொல்தா ஒருவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படிப் பல பேர் உண்டு என்றாலும், வெறுமனே சொல்தா என்றால் இவர்தான். மற்றவர்கள் ஊர் திரும்பியதும் மாடி கட்டினார்கள். இவர் சென்னைக்குப் போய், மாம்பழ மஞ்சளில், இரண்டே சீட்டும் மடங்கித் திறக்கும் கூரையுமாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அது தெருவில் தரையோடு தரையாக வந்து நின்றபோது, கார் பாதி புதைந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிவிட ஒருத்தன் ஓடி வந்தான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஒருத்தன் நான்தான்.

பாலிசி புதுப்பிக்க வருஷா வருஷம் அவர் வீட்டுக்குப் போவேன். காரின் இந்த வருஷ மதிப்பைச் சொல்வேன். உறவில் யாரோ தவறிப்போன சேதி கேட்டவர்போல அவர் எழுந்து நின்றுவிடுவார்.

"போன வருஷத்த விட இப்ப நல்லால்ல தம்பி ஓடுது? ஏன் கொறைக்கிறீங்க?"

"ரூல்ண்ணே. வயசாக வயசாகக் கொறையும்."

"எனக்குந்தான் வயசாவுது. பிரான்ஸ்காரன் பென்ஷனக் கொறைச்சானா?"

உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் முழுப் பென்ஷனும் வந்து சேரும் மனிதர் அவர். காருக்கும் அதே சட்டம்தான் என்று நம்பினார். உயிரோடு இருக்கிறது, அப்புறம் என்ன?

மதிப்பு இறங்க இறங்கச் செலவு ஏறியது. அதன் டயர் அளவுக்கு டெல்டா முழுவதும் தேடினாலும் டயர் கிடைக்காது. பாரிஸிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மற்ற வீடுகளுக்கு சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். சொல்தா வீட்டுக்கு பிரேக் பேடு வரும். கல்யாணமாகி முதல்முறை ஊருக்கு வந்த அவர் அண்ணன் மகள், பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு ரேடியேட்டர் குழாயைச் சுற்றிவைத்துக் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் இது என்னவென்று கேட்டதற்கு, 'எங்க சித்தப்பாவுக்கு' என்று மட்டும் சொன்னாளாம். கேட்டவர் ஏதோ ஆஸ்பத்திரிக் குழாய் என்று நினைத்து முகம் வாடி, 'சீக்கிரம் போங்கம்மா' என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊர் வேகத்தடைகள் இந்தக் காருக்காகவே போட்டவைபோல இருக்கும். இரண்டு பேரோடு ஏறினால் வயிறு தட்டும். அதனால் வேகத்தடை வந்ததும் சொல்தா நிறுத்துவார். அவர் மனைவி, ஊருக்கே 'மதாம்', கதவைத் திறந்து இறங்குவார். கார் குறுக்குவாட்டில் ஊர்ந்து தாண்டும். மதாம் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வார். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்பகரத்தூர் கோயிலுக்குப் போவார்கள். வழியில் பதினோரு வேகத்தடை. பின்னால் பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்கள், பாவம், இந்த அம்மா பதினோரு தரம் கோபித்துக்கொண்டு இறங்கிப் பதினோரு தரம் சமாதானமாகிவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லையும் வைக்கோலையும் வயிற்றில் வாரிக்கொண்டு கார் வீடு திரும்பும். பக்கத்து வீட்டுக் கோழிகள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்.

ஏழாவது வருஷம் கூரை மோட்டார் செத்தது. செத்ததுதான் செத்தது, கூரை திறந்த நிலையில் செத்தது. புது மோட்டாரின் விலையைக் கேட்டுவிட்டு, 'மூடி வைக்கவா கார் வாங்கினேன்' என்றார் சொல்தா. மழைக்காக வாசலில் இடுப்பளவு மேடை கட்டி, சரிவுப் பாதை வைத்து, மேலே தகரம் போட்டார். அந்த ஐப்பசியில் அவர் வீட்டுக் கூடம் ஒழுகியது. கார் நனையவில்லை.

வெயிலுக்கும் மழைக்கும் யோசித்தவர் மாங்கனித் திருவிழாவை மறந்துவிட்டார். சாமி வீதி வரும்போது வேண்டிக்கொண்டவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். கீழே கூட்டம் பிடிக்கும். அடுத்த வருஷத் திருவிழாவில் கடைத்தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர் கூட்டத்தில் சிக்கி, காரை ஓரமாக விட்டுவிட்டுச் சாமி பார்க்கப் போய்விட்டார். மஞ்சள் காருக்குள் மஞ்சள் பழம் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் சீட்டு மட்டத்துக்குப் பழம். ஹாரன் மட்டும் தன்னால் அடித்துக்கொண்டிருந்தது.

இழப்பீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். தீ, திருட்டு, வெள்ளம், மோதல், கலவரம் என்று காரணங்கள் அச்சாகியிருந்தன. மாம்பழம் இல்லை. நானே கையால் எழுதிச் சேர்த்தேன். மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டு, மரத்திலிருந்து விழுந்ததா என்று விசாரித்தார். இல்லைங்க சார், வேண்டுதலில் விழுந்தது என்றேன். பிறகு என் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். சொல்தாவுக்கு ஒரு பைசா வரவில்லை. மூன்று மாதம் எறும்பு மட்டும் வந்தது.

போன வருஷம் காருக்குப் பதினைந்து முடிந்தது. பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். வரி, பரிசோதனை, நாலு புது டயர் என்று செலவு வரிசையில் வந்து நின்றது. அதே மாதம் மதாமுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது என்றும், தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு காலையில் சொல்தா நடந்தே என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பார்ட்டி யாரும் இருந்தா பாருங்க தம்பி. வச்சிருந்தா அழகாத்தான் இருக்கும். பக்கத்து சீட்டு காலியா எப்படி ஓட்டுறது?"

பின்பாதி என் காதில் ஏறவே இல்லை. என் பேச்சுக்கு ஒருத்தராவது மசிந்தாரே என்ற பெருமையில் கும்பகோணத்தில் ஓர் ஆளைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அவர் பழைய கார்கள் சேர்ப்பவர். பார்த்தார், தடவினார், சொன்ன விலைக்கு மறுபேச்சின்றித் தலையாட்டினார். சொல்தா சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் பேர் மாற்றும் படிவத்தை எடுத்தேன். உரிமையாளர் கையெழுத்து வேண்டும்.

என் இரண்டாவது முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கார் மதாம் பேரில் இருந்தது. வருஷா வருஷம் பாலிசித் தாளில் அந்தப் பேரை எழுதியவனே நான்தான். தாள் உள்ளே போகும், கையெழுத்தோடு வெளியே வரும். காருக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வருஷம்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மதாம் தடி ஊன்றி வெளியே வந்தார். படிவத்தை வாங்கி, யாரும் படிக்காத பொடி எழுத்து உட்பட முழுக்கப் படித்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொன்னேன். காருக்கு வலிக்குதுன்னு சொன்னனா?"

"உன்னால ஏறி எறங்க முடியலயேன்னுதான்..."

"அத நான் பாத்துக்குறேன். நீங்க ஓட்டுற வேலயப் பாருங்க."

பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார். சொல்தா ராணுவத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் மதாம் மாமியார் வீட்டில். அவர் லீவில் வருவது வருஷத்துக்கு ஒரு மாசம். அந்த மாசம் எங்கே போவதென்றாலும் சுரக்குடியிலிருந்து சொல்தாவின் மூன்று தங்கைகள் வந்து வாடகைக் காரில் ஏறிக்கொள்வார்கள். மதாமுக்குப் பின்சீட்டின் ஓரம், மடியில் யார் வீட்டுப் பிள்ளையாவது. புருஷனின் பிடரியைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்ததில்லை.

"அதான் பென்ஷன் ஆனதும், பின்சீட்டே இல்லாத காரா வாங்குங்கன்னு சொன்னேன். கலரும் நாஞ் சொன்னதுதான்."

கும்பகோணத்துக்காரர் சாவியை மெதுவாக மேஜையில் வைத்தார். காப்பி குடித்துவிட்டுப் போகும்போது, ரொம்ப நல்லா இருங்கம்மா என்று கும்பிட்டார். என்னைப் பார்த்த பார்வையில் கும்பிடு இல்லை.

கூரை மூடாத காரில் சீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, மதாமுக்குத் தோன்றியது. மெத்தைக்கடையில் சொல்லி இரண்டடுக்கு மெத்தை தைத்தார். கதவைத் திறந்து அப்படியே நகர்ந்து உட்கார்ந்தால் போதும். தலை மட்டும் முன்கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே நிற்கும். பரிசோதனை அன்று அதிகாரி காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். ஐந்து வருஷத்துக்குப் பதிவு கிடைத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை திருநள்ளாறு சாலையில் என் ஸ்கூட்டர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் கார் பக்கத்தில் வந்து நின்றது. சொல்தா தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். மதாம் மேலே, சப்பரத்தில் வீற்றிருப்பதுபோல, காற்றில் கலைந்த நரைமுடியோடு சிரித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பதிவு அஞ்சு வருஷந்தான் மதாம். அதுக்கப்புறம் என்ன பண்றதா யோசனை?"

"இன்னொரு அஞ்சு."