உள்ளங்கை அகல ஊதாப்பட்டுப் போர்

வாழ்க, ஊசிமுனை வேலேந்திய கையினாள். வாழ்க, விரலுறைக் கவசம் பூண்ட வீராங்கனை. வெர்மான்ட் மலைநாட்டுப் பெல்டன் ஊர்க் கீழைத்தெருவின் தனிப்பெருந்தலைவி. வெல்வெட்டை வென்று, சாட்டினைச் சாய்த்து, லேசைச் சிறைபிடித்து, ஒன்பது திங்களாகக் கணவனின் கழுத்துப்பட்டைகளை ஒவ்வொன்றாகத் திறை கொண்ட திருமதி லவீனியா டட்டில்! அவள் பெருமை பேசப் புகுந்த என் நாவில் சிக்கு விழாமல், முடிச்சு விழாமல், நடுவில் நூல் அறாமல் காப்பாயாக, தையற்பெட்டிக்குள் குடியிருக்கும் தெய்வமே.

கண்டகண்ட துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு அவள் சமைத்த கிறுக்குப் போர்வையைக் கேளீர். சதுரம் அறியாதது, வரிசை அறியாதது, ஒரு துண்டைப்போல் மறுதுண்டு இல்லாதது; குளிருக்கு உதவாமல், உறக்கத்துக்கும் ஆகாமல், கூடத்துச் சோபாவின் முதுகில் சாய்ந்து வருவோர் போவோர் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்வதொன்றே தொழிலாகக் கொண்டது. முந்நூற்றுப் பதினேழு துண்டுகள். ஓரங்கள்தோறும் மீன்முள் தையலும் இறகுத் தையலும் அணிவகுத்து நின்றன. சுருட்டுக் கட்டுகளின் மஞ்சள் நாடாக்கள் சுருட்டும் விற்கும் முடிதிருத்துவோரிடம் இரந்து பெற்றவை. ரோஜா நிறத்துண்டுகளோ, "என் மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வேண்டும், மாதிரி அனுப்புங்கள்" என்று தொலைவூர்ப் பட்டாலைகளுக்கெல்லாம் எழுதி வரவழைத்தவை. லவீனியாவுக்கு மகள் கிடையாது.

கணவர் ஏசா டட்டில் பொறுமையில் நிலமகளுக்கு இளையவர். கழுத்துப்பட்டைகள் போனபோது பேசவில்லை. குழம்புக் கறையால் கத்திரிக்குத் தப்பி எஞ்சியிருந்த ஒரே பச்சைக் கழுத்துப்பட்டையும் ஜூலை மாதத் திருச்சபை விருந்தில், வெயிலுக்குக் கழற்றி ஆப்பிள் கிளையில் தொங்கவிட்ட இடத்திலிருந்து மாயமானபோதும் பேசவில்லை. அன்று அழுதவள் லவீனியாதான், அதையும் தைக்காமல் விட்டோமே என்று. ஆனால் அவளுடைய பார்வை மெல்லத் தம் தொப்பியின்மேல் படரக் கண்ட நாளில் அவர் வாய்திறந்து சூளுரைத்தார்.

"இந்தத் தலையும் அது மேல இருக்கிற தொப்பியும்தான் இன்னும் என் பேர்ல இருக்கு, லவீனியா. தொப்பி மேல கத்திரி பட்டுச்சுன்னா, நான் குதிரை லாயத்துல போய்ப் படுத்துக்குவேன்."

இனிப் பகைவியைச் சொல்வேன். மேலைத்தெரு ஹெப்சிபா க்ரௌ. மாவட்டக் கண்காட்சியில் மூன்றாண்டு தொடர்ந்து முதற்பரிசின் நீல நாடாவைக் கவர்ந்தவள். கவர்ந்ததோடு நில்லாமல், ஒவ்வோராண்டு நாடாவையும் மறு ஆண்டுப் போர்வையில், காண்போர் கண்ணில் குத்தும் இடமாகப் பார்த்துத் தைத்தவள். அந்த நாடாவை ஒரே ஒருமுறை தன் போர்வையில் தைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்பது லவீனியாவின் விரதம்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் ஆண்டு செப்டம்பரில், போர்வைகளை ஒப்படைக்கும் கெடுவுக்கு ஒரு பகலே எஞ்சியிருக்க, போர்வையின் நட்டநடுவே உள்ளங்கை அகலம் வெறுமையாய்க் கிடந்தது. சிவப்பை வைத்துப் பார்த்தாள், கண்ணில் அடித்தது. நீலத்தை வைத்தாள், தூங்கிவழிந்தது. ஊதா வேண்டும். கடைவீதியில் இருந்த கடைசி ஊதாப்பட்டுத் துணியை, மே மாதத்தில், அரையடி முந்தி எட்டிப் பிடித்துக்கொண்டு போனவள் ஹெப்சிபா. அதற்குப்பின் அந்தத் துணியை எவரும் கண்டதில்லை.

அப்போதுதான், கொல்லைப்புறத்தில் ஏசாவோடு ஓட்ஸ் விலை பேச, ஹெப்சிபாவின் கணவர் சைலஸ் க்ரௌ வந்து சேர்ந்தார். இருண்ட நடைவழியின் ஆணிகளில் இரட்டைப் பிறவிகளாய் இரண்டு கருந்தொப்பிகள் தொங்கின. கணவர் சூளுரை ஒரு காதில் முழங்க, நடுவெளியின் வெறுமை மறுகாதில் ஓலமிட, புலி பதுங்குவதுபோல் பதுங்கி, பருந்து கவ்வுவதுபோல் கவ்வி, கணவர் தொப்பியை அடுக்களைக்குக் கொணர்ந்தாள் நம் நாயகி. உள்துணியைத் திருப்பினாள். ஊதா! மாலை வானத்தைப் பிழிந்து நெய்ததுபோன்ற ஊதாப்பட்டு!

"அட மனுஷா," என்றாள் மெல்ல. "இதைத் தலைக்குள்ள வெச்சுக்கிட்டா இத்தனை நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி சாப்பிட்டீங்க?"

கத்திரி பாய்ந்தது. பட்டு வீழ்ந்தது. தொப்பி ஆணிக்குத் திரும்பியது. பட்டின் முதல் ஓரத்தைத் தைத்து முடிப்பதற்குள் நடைவழியில் சைலஸின் குரல் எழுந்தது.

"ஏம்ப்பா ஏசா, காப்பியில என்னத்தக் கலந்தீங்க? என் தலை ஒரு சுத்து இளைச்சுப் போச்சே."

ஊசி நடுவானில் நின்றது. எட்டிப் பார்த்தாள். காதுவரை இறங்கிய தொப்பியோடு சைலஸ் படியிறங்கிக்கொண்டிருந்தார். ஆணியில் ஏசாவின் தொப்பி, பழுப்புப் பருத்தி உள்துணியோடு, கன்னி கழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கணம் அவள் நெஞ்சக் களத்தில் இருபெரும் சேனைகள் மோதின. ஓடிப்போய்க் கொடுத்துவிடு என்றது ஒன்று. தொப்பி கண்ணை மறைக்க, வழி தெரியாமல் அவர் மெல்லத்தான் நடந்தார், எட்டிப் பிடித்துவிடலாம். எழுந்தாள். வாசல்வரை சென்றாள். திரும்பிப் பார்த்தாள். ஒற்றைக்கண் அரக்கனைப்போல் போர்வை தன் ஓட்டைக்கண்ணால் அவளையே நோக்கிற்று. வந்து உட்கார்ந்துவிட்டாள். தைத்த துண்டின்மேல் வெள்ளி இழையால் ஒரு சிலந்தி வலையையும் பின்னினாள். போர்வையில் சிலந்தி இருந்தால் தைத்தவளுக்கு யோகம் என்பார்கள் அந்நாட்டுப் பெண்கள். களவுப் பொருளுக்குத் திரையும் ஆயிற்று.

மறுநாள், பூசணிகளும் பன்றிகளும் புடைசூழ்ந்த கண்காட்சித் திடலின் கூடாரத்தில், இரு போர்வைகளும் எதிரெதிர்க் கொடிகளாகத் தொங்கின. ஹெப்சிபா வந்தாள். லவீனியாவின் போர்வைமுன் நின்றாள். வலைக்குள் புகுந்து ஊதாவைத் தொட்டது அவள் பார்வை. பின்னால் நின்ற கணவனின் தொப்பியைச் சட்டென்று கழற்றி உள்ளே பார்த்தாள். மூச்சை இழுத்தாள், அந்த மூச்சு சொல்லாகியிருந்தால் பெல்டன் ஊரில் லவீனியா மறுபடி தலைகாட்டியிருக்க முடியாது.

"வீட்டுக்கு வர்றவங்க தையல் பெட்டியத்தான் கிளறுவாங்கன்னு, என் ஊதாவை ஒரு பத்திரமான எடத்துல தைச்சு வெச்சிருந்தேன், மிஸஸ் டட்டில்," என்றாள், கூடாரம் திரும்பிப் பார்க்கும்படி.

லவீனியா முகத்தைத் திருப்பினாள், திருப்பிய கண், எதிர்ப் போர்வையின் நடுவே தோகை விரித்த மயிலின் கழுத்தில் போய் விழுந்தது. பச்சை. அந்தப் பச்சையின் ஓரத்தில் குழம்புக் கறை ஒன்று. அதை மறைக்க மஞ்சளில் ஒரு சிறுபூ.

"பத்திரமான எடம்னு எதுவுமே இல்லைங்க, மிஸஸ் க்ரௌ," என்றாள். "ஆப்பிள் மரம்கூட இல்லை. உங்க மயில் கழுத்தை நானே எத்தனையோ தடவை துவைச்ச மாதிரி இருக்கு."

பக்கத்தில் நின்ற ஏசாவின் கை தானாகத் தம் வெறுங்கழுத்தைத் தடவிற்று. ஹெப்சிபா இழுத்த மூச்சு இருந்த இடத்திலேயே தங்கியது. பேசினால் இருவர் போர்வையும் எரியும். இருபெரும் சேனைகளும் ஆயுதம் தாழ்த்தி நின்ற அந்தக் களத்தின் நடுவே, முப்பதாண்டுக் காலம் கைவேலை கற்பித்த கண்ணாடிக்கார நடுவர் அம்மாள் இருபோர்வைக்கும் இடையே மும்முறை நடந்து, தீர்ப்பை முழங்கினாள்.

"தையல்ல ரெண்டு பேருக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. ஆனா அந்த நடு ஊதா இருக்கே, அது ஒண்ணுக்காகவே நீல நாடா மிஸஸ் டட்டிலுக்கு."

மூன்றாண்டுக் கோட்டை சரிந்தது. நாடா லவீனியாவின் கையில் மின்னிற்று. ஹெப்சிபா நெருங்கி வந்தாள்.

"எதுக்காகன்னு சொன்னாங்க, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

லவீனியா இடுப்புக் கத்திரியை உருவினாள். தான் ஆண்டாண்டாய் நோற்றுப் பெற்ற நாடாவை, விரலால் ஒருமுறைக்கு இருமுறை அளந்து, தன் கையாலேயே நீளவாக்கில் இரண்டாக்கி, ஒரு பாதியை நீட்டினாள். தன் பாதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஹெப்சிபா, "உங்களுது ஒரு இழை அகலம் கூட," என்றாள். சொல்லியபடியே அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

சைலஸ் க்ரௌ ஒரு பழைய செய்தித்தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.