‘இஞ்சாருங்கோ’ களவுபோனது பற்றி

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய குலசேகரம் மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் பருத்தித்துறையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு, நான் இங்கே சுகமில்லாமல் இதை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பிரஷர் ஒழுங்கு, சீனி ஒழுங்கு. மனம்தான் கொதிக்கிறது. வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தாளுக்குக் கடுதாசியும் முத்திரையும் என்னத்துக்கு என்று யோசிப்பீர்கள். என் போனைப் பேபி எடுத்துப் பார்ப்பாள். விடயமோ பேபியைப் பற்றியது, அதாவது உங்கள் ஒரே தங்கச்சியைப் பற்றியது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குரிய ஒன்றை அவள் எடுத்து இன்னொரு ஆணுக்குக் கொடுத்துவிட்டாள்.

பதறவேண்டாம், முழுவதையும் வாசியுங்கள். பேபி மறதி நோய்க்காரரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய மண்டபத்துக்குள் ஒரு தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள். சலூன், சாப்பாட்டுக் கடை, ரிவி பார்க்கும் அறை எல்லாம் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு அமெரிக்காவில் இருந்த மாதிரி. கனடாவில் அமெரிக்கத் தெரு என்னத்துக்கு என்று நானும் கேட்டேன். யாரோ படம் எடுத்தவர்கள் விட்டுவிட்டுப் போன தட்டுமுட்டுகளை மலிவாக வாங்கினார்களாம். காலையில் சாப்பிட்டதை மறக்கும் கிழவர்களுக்கு இளமைக்காலம் மறப்பதில்லை, பழைய சாமான்களைக் கண்டால் அமைதியாகி விடுகிறார்கள் என்று பேபி சொன்னாள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். வருகிறவர்கள் இது ஐம்பத்தைந்து என்றால் நாமும் ஐம்பத்தைந்து என்றே சொல்லவேண்டும். மறுத்துப் பேசினால் பாவம், கலங்கிப் போவார்களாம். நல்ல விடயம்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். லெஸ்லி என்ற மனுசன் வந்து சேரும்வரை.

லெஸ்லி அமெரிக்காவின் பபலோ நகரத்தில் குளிர்பெட்டி, அதுதான் பிரிட்ஜ், விற்றவர். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மனைவி டொறதி செத்து எத்தனையோ வருடம், ஆனால் அவருக்கு அது தெரியாது. பேபியைத்தான் டொறதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை உங்கள் தங்கச்சி வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். காலையில் பாணுக்கு பட்டர் பூசும்போது, “லெஸ்லி சொல்லுறார், பாண் பதினெட்டுச் சதமாம்” என்பாள். பெற்றோல் விலையைக் கண்டால், “லெஸ்லியின்ரை காலத்திலை ஒரு கலனே முப்பது சதம் வராது” என்பாள். ரிவியில் எது போனாலும், லெஸ்லி பார்க்கும் கறுப்பு வெள்ளை வினாவிடை நிகழ்ச்சிதான் திறமாம், அதில் தோற்றவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்களாம். இதையெல்லாம் பொறுத்தேன். ஆனால் அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் இவளுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கிக் கொடுக்கிறார், மச்சான்! நேற்று வாங்கியது மறந்துபோகும், இன்றைக்கு மறுபடியும் புதிதாக வாங்குவார். “டொறதி, உனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன், குசினிக்குப் போய்ப் பார்” என்பாராம். இவளும் ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்படுவாளாம். நான் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எங்கள் குசினியில் நின்று ஓடுகிறது. கொஞ்சம் இரைகிறதுதான், ஆனாலும் ஓடுகிறது. அதைப்பற்றி ஒரு நாளாவது ஒரு நல்ல வார்த்தை? கிடையாது.

எரிச்சல்தான், மச்சான். ஒளிக்கவில்லை. இல்லாத பிரிட்ஜ்மேல் எனக்கு எரிச்சல்.

போன வியாழக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் உச்சம். மத்தியானம் பேபியின் பெயரில் எனக்கு போன் வந்தது. எடுத்தால் கரகர என்ற சத்தம்தான். சட்டைப் பைக்குள் இருந்த போன் தானாக அமுங்கி எனக்கு அடித்துவிட்டது. வைத்துவிட நினைத்த நேரம், “இஞ்சாருங்கோ” என்று அவளுடைய குரல். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அன்பாக! அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை காலம்! “என்னப்பா?” என்று வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி ஒரு ஆண்குரல், “யெஸ், ஹனி?” என்றது.

மச்சான், ‘இஞ்சாருங்கோ’ என்பது என்ன சும்மா சொல்லா? உங்கள் தங்கச்சி கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் பெயரை வாயால் சொன்னதில்லை. கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று குடிவரவு அதிகாரி “உன் கணவரின் பெயர் என்ன?” என்று கேட்டதற்கு, என்னைக் கையால் காட்டிவிட்டு நின்றவள். ஆகவே ஜெயரட்ணம் என்பது வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள பெயர். வீட்டில் என் பெயர் ‘இஞ்சாருங்கோ’தான். அந்தப் பெயரைத்தான் அவள் தூக்கி ஒரு பபலோக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். உலகத்தில் வேறு சொல்லே இல்லையா? சேர் இருக்கிறது, அங்கிள் இருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலை அவள் வேலைக்குப் போனபின், பக்கத்து வீட்டு நீக்கிலாஸைப் பிடித்து, பேவியூ வீதிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவேண்டும் என்று காரில் ஏறினேன். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு நான் கார் ஓட்டுவதில்லை. கோயிலுக்கு என்று சொன்னபடியால் வேட்டியும் சால்வையும் திருநீறுமாக வெளிக்கிட வேண்டியதாயிற்று. பாதி வழியில் உண்மையைச் சொன்னதும் நீக்கிலாஸ், “ஜெயம் அண்ணை, பிள்ளையாரை ஏன் உங்கடை குடும்பப் பிரச்சினைக்கை இழுத்தனீங்கள்?” என்று கேட்டபடியே நிலையத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. அப்போது ஒரு வான் வந்து பத்துப் பன்னிரண்டு கிழவர்களை இறக்க, நானும் வரிசையில் நுழைந்து உள்ளே போய்விட்டேன்.

அங்கேதான் பிழை நடந்தது. தலை முழுக்க நரைத்த ஒரு வெள்ளைக்காரி என்னிடம் வந்து, “டியர், இது எந்த வருடம் என்று தெரியுமா?” என்று கேட்டாள். பாவம், நோயாளி என்று நினைத்தேன். மறுத்துப் பேசக்கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வர, கனிவோடு “ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்து” என்றேன். அவளும் கனிவோடு என் கையைப் பிடித்தாள். ஒருவர்மேல் ஒருவர் இவ்வளவு இரக்கப்பட்டதை நான் எங்கும் கண்டதில்லை. பிறகுதான் தெரிந்தது, அவள்தான் அங்கே மேற்பார்வையாளர். என்னைப் புதிதாகச் சேர்ந்தவன் என்று எடுத்துவிட்டாள்! “நான் நோயாளி இல்லை, இங்கே வேலை செய்யும் பேபியின் கணவர்” என்று சொன்னேன். “ஓஃப் கோர்ஸ், டியர். லெஸ்லியும் அப்படித்தான் சொல்கிறார்” என்று சொல்லி, என்னைக் கொண்டுபோய் லெஸ்லிக்குப் பக்கத்திலேயே இருத்திவிட்டாள்.

மனுசன் ஆள் நல்ல எடுப்பு. வெள்ளைச் சேட்டு, கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து. என் வேட்டியைப் பார்த்துவிட்டு, வெப்பமான நாளுக்கு நல்ல உடுப்பு என்றார். முன்னாலிருந்த மரப்பெட்டி ரிவியில் ஒரு பெண் சவர்க்காரத்தைக் கட்டிப்பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பேப்பரைத் தந்தார்கள், அந்த வருடத்துப் பேப்பரின் நகல். நான் பேப்பர் என்றால் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மூலை விடாமல் வாசித்தேன். இளம்பிள்ளைவாதத்துக்கு ஊசி கண்டுபிடித்துவிட்டார்களாம், தேவாலயங்களில் மணி அடித்தார்களாம். கோப்பி ஐந்து சதம். குளிர்பெட்டி தவணைக் காசுக்கு. முழுப் பேப்பரிலும் எங்கள் சனத்தைப்பற்றி ஒரு கெட்ட செய்தி இல்லை, மச்சான். பேப்பரை மடித்து வைத்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. அதற்காக லெஸ்லியை மன்னித்தேன் என்று நினைக்கவேண்டாம்.

ஏனென்றால் அவர் உடனே சாப்பாட்டுக் கடைப் பக்கம் விரலை நீட்டி, “அதோ என் மனைவி” என்றார். பார்த்தேன். பேபி! குடை மாதிரி விரியும் புள்ளிச் சட்டை, தலையில் ரிப்பன், உதட்டில் சிவப்பு. வீட்டில் சாயம்போன சோட்டிக் கவுனோடு திரியும் பேபியேதான். “அவளுக்கு இளம்பச்சை பிடிக்கும். அதனால் இளம்பச்சைக் குளிர்பெட்டி எடுத்திருக்கிறேன். உன் மனைவிக்கு என்ன நிறம் பிடிக்கும்?” என்று கேட்டார். நான் சால்வையைச் சரிசெய்தேன். ஐம்பத்தைந்தில் நான் பிறக்கவேயில்லை, என்னிடம் என்ன கேள்வி! அப்போது பேபி கோப்பியோடு வந்து, “இஞ்சாருங்கோ” என்றாள். இரண்டு பேரும் திரும்பினோம். உள்ளதைச் சொல்லவேண்டும், அவர்தான் முதலில் திரும்பினார்.

என்னைக் கண்டதும் பேபி கோப்பியை லெஸ்லிக்கு முன்னால் வைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து, “இந்தப் புதியவர் உன்னைத் தன் மனைவி என்கிறார்” என்று சிரித்தாள். பேபி ஆங்கிலத்தில், “எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “வாயைத் திறக்காமல் உதிலை இருங்கோ. வேலை முடிய வந்து கூட்டிக்கொண்டு போறன்” என்றாள். இருந்தேன். பலூன் தட்டினேன். கை தட்டிப் பாடினேன். ஆடுகிற சிவப்புக் களி ஒன்றைத் தந்தார்கள், வெள்ளிக்கிழமை விரதம் என்று தப்பினேன்.

அவளுடைய காரில் நெடுஞ்சாலை ஏறியதும் நான்தான், “அது என்ரை சொல்” என்றேன்.

“லெஸ்லி எண்டு கூப்பிட்டும் பாத்தம், சேர் எண்டும் பாத்தம், அந்தாள் ஒண்டுக்கும் திரும்பேல்லை” என்றாள். “ஒருநாள் உங்களுக்குப் போன் எடுத்து ‘இஞ்சாருங்கோ’ எண்டன். பின்னாலை நிண்ட மனுசன் திரும்பிச் சிரிச்சுது. பிறகு அதையே சொல்லிக் கூப்பிட்டன்.”

“அதுக்கு? அது எனக்குரியதெல்லே?”

“நீங்கள் திரும்புறேல்லையே! காதுக்கை உந்த இயர்போனைச் செருகிக்கொண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டா நியூஸ். நானும் குசினியிலை நிண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டிட்டன். வீட்டிலை சும்மா கிடந்த சொல்தானே.”

சும்மா கிடந்ததாம்! நான் அவளைச் சிக்னல் போடச் சொன்னேன். மனம் நொந்துபோனேன், மச்சான். ஆகவே மூத்தவர் என்ற முறையில் நீங்கள் உடனே அவளுக்குப் போன் எடுத்து, அந்த வேலையை விடச்சொல்லி ஓடர் போடவேண்டும். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கந்தன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், என்னுடைய வழக்கையும் ஒருக்கால் பார்க்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜெயரட்ணம்.

பி.கு.: முத்திரை ஒட்டியாகிவிட்டது, அதனால்தான் இதை அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் பொருட்படுத்தவேண்டாம். பேபி வந்து கண்டுவிடுவாளோ என்று காதில் ஒன்றும் செருகாமல் இதை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்கு வந்தபோது குசினிக்குள்ளிருந்து “இஞ்சாருங்கோ” என்றாள். திரும்பிய வேகத்தில் கழுத்து சுளுக்கிவிட்டது. ஊறுகாய்ப் போத்தல் மூடி திறக்கவேண்டுமாம். திறந்து கொடுத்தேன். “கேட்டுதே?” என்று கேட்டாள். இந்த முறை நான்தான் முதலில் திரும்பினேன். வீட்டில் வேறு ஆண் இல்லை என்பது வேறு கதை. பேபியிடம் உண்மையை அறிந்து அந்த மேற்பார்வையாளர் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டு, லெஸ்லி ‘வெள்ளை உடுப்புக்காரர்’ எங்கே என்று தேடுகிறார், பேப்பர் வாசித்துக்காட்ட வரமுடியுமா என்றும் கேட்டாள். நாளைக்குப் பேபியோடு போகிறேன். அந்த மனுசனிடமே தவணைக் காசுக்கு ஒரு பிரிட்ஜ் எடுத்து, அவர் கொடுக்க முந்தி நான் பேபிக்குக் கொடுக்கப்போகிறேன். ஆகவே வேலையை விடச்சொல்லிப் போன் எடுக்கவேண்டாம். வேறு கதை கதைக்கிற மாதிரி எடுத்து, உங்கள் தங்கச்சிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எனக்கு உடனே அறிவியுங்கள்.