செக்கிங் அண்ணனின் லேப்டாப்

திருவொற்றியூரில் செக்கிங் அண்ணனைத் தாண்டி ஒரு கொசு உள்ளே போனதாகச் சரித்திரம் இல்லை. கண்டெய்னர் யார்டு ஒன்றின் கேட்டில் நிற்பது அவர் வேலை. மேல், கீழ், பூட்டு, சீல் எல்லாம் பார்த்துவிட்டுக் கண்டெய்னரை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு, போலாம்" என்பார். அதன் பிறகுதான் வண்டி நகரும்.

வேலையை யார்டிலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மகள் செல்வியின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காரை நிறுத்தி, டிக்கியைத் திறக்கச் சொன்னார். மாப்பிள்ளை அதுவும் எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்துப் பணிவாகத் திறந்து காட்டினார். அண்ணன் காரைத் தட்டிய பிறகுதான் மேளக்காரர்கள் மூச்சு விட்டார்கள்.

அந்த மாப்பிள்ளை செல்வியை மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, அங்கேயே குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்ப்பதற்கென்றே அண்ணன் ஒரு பழைய லேப்டாப் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி கூப்பிடுவாள். குழந்தையின் நெற்றி வரும். அதோடு படம் உறைந்து நின்றுவிடும். மூக்கு யார் ஜாடை என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் தினமும் சண்டை. மூக்கை மட்டும் இரண்டு பேருமே பார்த்ததில்லை.

நான் பக்கத்து வீடு. கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நின்றார்.

"மிஷினு கொதிக்குது நைனா. ஒரே பேஜாரா கீது. கொஞ்சம் வந்து பாரேன்."

போனேன். உதவி செய்ய வந்தவன் என்றும் பாராமல் வாசலிலேயே என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். வேறு ஒரு வேலையும் இல்லாமலே பிராசஸர் நூறு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவை மூன்று ஆன்டிவைரஸ்கள்.

"இன்னாண்ணா, மூணு போட்டு வெச்சிகீறே?"

"எங்க யார்டுல கேட்டுல ஒருத்தன் பாக்குறான், எடைமேடையில ஒருத்தன் பாக்குறான், உள்ள ஒருத்தன் பாக்குறான். ஒருத்தனை மட்டும் நம்பச் சொல்றியா?"

"இங்க மூணு பேரும் ஒருத்தன் பையை ஒருத்தன் அவுத்துப் பாத்துக்கினு கீறாங்கண்ணா. வண்டிக்கு கேட்டைத் தொறக்க ஆளே இல்ல. ரெண்டைத் தூக்கிடலாம்."

அவர் முகம் வாடிவிட்டது.

"வேணாம் நைனா. எம் பொண்ணு இதுக்குள்ளதான் வருது. கூடவே கண்டதும் பூந்துச்சின்னா? அங்க பொண்ணைப் பாத்துக்க நானா கீறேன்?"

அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார்: "நீ காவக் காத்துக்கினே இரு, கொயந்த பள்ளிக்கூடம் போயிடும். தம்பி, நீ தூக்குப்பா."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இரண்டை எடுத்தேன், ஒன்றை விட்டுவைத்தேன். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டதும் விசிறி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் செல்வி கூப்பிட்டாள்.

குழந்தை முழுசாக வந்தது. மூக்கு சந்தேகத்துக்கே இடமில்லாமல் அண்ணியுடையது. ஜெயித்துவிட்ட அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் வேலையை ஆரம்பித்தார். "கையைக் காட்டும்மா. வெரலை விரிச்சுக் காட்டு. காதுக்குப் பின்னால. உள்ளங்காலு." செல்வி சிரித்துக்கொண்டே திருப்பித் திருப்பிக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. அவர் லேப்டாப்பின் ஓரத்தில் விரலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு" என்றார். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"அப்ப வெச்சிடட்டாப்பா?" என்றாள் செல்வி.

"இரும்மா. இன்னும் செக்கிங் முடியல."

சட்டைப் பையைத் தடவியதற்காக அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் தடவிக்கொள்ளட்டும்.