மட்டிக்குலைக்குப் பிடித்த பேய்

திருவட்டாற்றுக்கு மேற்கே, ஒரு ரப்பர்த் தோட்டக் கொட்டகையில் செவ்வாய்தோறும் ஊர் திரண்டது. மைக் ஆசான் ஞானதாசன் அவர்களின் அருமையை என்னவென்று சொல்வது! மற்றவர்கள் வேப்பிலையால் பேய் விரட்டினார்கள். இவரோ மைக்கை வந்தவரின் நெஞ்சருகே நீட்டுவார். உள்ளே பேய் இருந்தால் ஒலிபெருக்கி 'கூ...ய்ங்' என்று ஊளையிடும். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு மட்டும் ஏனோ பேய் இருப்பதில்லை.

அன்று ஞானபாய் தன் மகள் ரெஜிஷாவை இழுத்து வந்திருந்தாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் பெண். சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். நாள்தோறும் மகள் ஊசி குத்திக்கொள்வதைக் காணத் தாயால் முடியவில்லை.

ஆசான் ரெஜிஷாவை ஒலிபெருக்கியின் முன் நிறுத்தி மைக்கை நீட்டினார். ஊளை கொட்டகையைப் பிளந்தது.

"கேட்டியளா? ஊசி மருந்துதான் பேய்க்குத் தீனி. அதை இஞ்ச தந்துட்டு எனக்க எண்ணெயை வாங்கிட்டுப் போணும்."

ஞானபாய் மருந்தை நீட்டினாள். மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எம்மா, பொறு. அது இல்லேன்னா நான் செத்துருவேன். ஆசானே, காணிக்கையா வந்த அந்த மட்டி வாழைக்குலையை நான் நிண்ண எடத்துல வைக்கட்டா?"

"பழத்துக்கு ஏதுட்டி பேயி?"

"அப்போ கத்தாதுல்லா? பின்னே என்ன பயம்?"

குலையைத் தான் நின்ற இடத்தில் வைத்து, ஆசானின் கையிலிருந்த மைக்கை அவள் மரியாதையோடு வாங்கி, அதே கோணத்தில் குலையருகே நீட்டினாள். கூ...ய்ங்!

"ஐயோ மக்கா, அதுல ரெண்டு பழம் தின்னுட்டேனே!" என்று வயிற்றைப் பிடித்தாள் வரிசையில் நின்ற முத்துக்கனி.

"இனி ஆசான் நில்லுங்க."

"எனக்கு நேரமாச்சு..."

கூட்டம் விடவில்லை. ஆசானின் நெஞ்சுக்குள்ளும் கூ...ய்ங்!

ரெஜிஷா மைக்கை ஒலிபெருக்கியைப் பார்க்காதபடி திருப்பித் தன் நெஞ்சில் வைத்தாள். ஊளை நின்றது.

"பாத்தியாம்மா? ஸ்பீக்கர் பெட்டிச் சத்தத்தை மைக் கேட்டு பெட்டிக்கே திருப்பி அனுப்புது. அது பெருகிப் பெருகிக் கத்துது. ஒடம்புலயும் இப்பிடி ஒரு சுத்து உண்டு. ஆனா அது அடக்கும். சர்க்கரை ஏறினா இன்சுலினைச் சுரந்து எறக்கும். எறங்கினா சுரப்பைக் குறைக்கும். எனக்கு அந்தச் சுத்து அறுந்துபோச்சு. அதுக்க வேலையைத்தான் ஊசி செய்யுது."

ஞானபாய் மருந்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆசான் அவர்கள் செருப்பைக்கூடத் தேடாமல் ரப்பர்த் தோட்டத்துக்குள் மறைந்தார்.

பேய் இருந்தது உண்மைதான். ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்டு, இன்னும் உரக்கச் சொல்லி, ஆசானின் புகழை ஊளையிட வைத்தது கூட்டம்தானே? மைக்குக்கு மூளை இல்லை, கேட்டதையெல்லாம் பெருக்கும். அன்புகூர்ந்து சொல்லுங்கள், மூளை இருந்தும் பெருக்குகிற நமக்கு என்ன குறை?