இருபத்தேழு ஊசிகளும் என் கட்டைவிரலும்

ஆம்பூர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டியன் அவர்களுக்கு, மாமனார் வேதாசலம் எழுதுவது. பெங்களூரில் நீங்களும் பெரியவளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உங்கள் மாமியார் கமலம், சின்னவள் மேகலா மூவரும் சௌக்கியம். நீங்கள் அனுப்பிய பொருள் மட்டும் ஆறு நாள் சௌக்கியமில்லாமல் கிடந்து, நேற்றுதான் தேறியது. போனில் சொன்னால் நடுநடுவே "சரி மாமா, சரி மாமா" என்பீர்கள். எனக்கு விஷயம் அறுந்துபோகும். ஆகவே எழுத்தில் தருகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படவும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்வது முறை. மேகலா காலணி வடிவமைப்பு படித்துவிட்டு, ஷூ கம்பெனியில் இரண்டு வருடமாக அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே தோலை எந்த வடிவில் வெட்டுவது என்று பேட்டர்ன் போடும் பிரிவில் ஓர் இடம் காலியானது. மூன்று ஷூவுக்குப் பேட்டர்ன் கம்ப்யூட்டரில் போட்டுச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த இடம், இல்லாவிட்டால் ஸ்டிக்கர். ஒரு வாரம் லீவு போட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரோ அந்த மென்பொருளைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. அவள் உங்களிடம் புலம்ப, நீங்கள் பெருந்தன்மையாகப் புது ப்ராசசர் ஒன்றைப் பார்சலில் அனுப்பினீர்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் வரும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னீர்கள். சொன்னதை நான் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. முப்பத்தொரு வருடம் தோல் ஃபேக்டரியில் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் பார்த்தவன் நான். வந்த சரக்கைப் பார்க்காமல் உள்ளே விட்டதாக என் சர்வீஸில் பேச்சே கிடையாது. தோலைக் கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேல்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி முன்னால் தள்ள வேண்டும். சுருக்கம் விழுகிற விதத்தில் அந்த ஆட்டின் ஜாதகமே தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு தகடு, ஒரு பக்கம் முழுக்கத் தங்க நிறத்தில் ஊசி ஊசியாக. எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். ஒரு மூலையில் ஊசிகள் படுத்துவிட்டன. நான் பதறவில்லை. ஸ்வேட் தோலைத் தடவினாலும் அதன் பஞ்சு இப்படித்தான் ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கம் தடவினால் எழுந்துவிடும். எதிர்ப்பக்கம் தடவினேன். பக்கத்து வரிசையும் படுத்தது.

அந்த நேரம் பார்த்து, பைபாஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தபரேஸ் வந்தார். ப்ராசசரை வாங்கிப் பார்த்தார். மேகலாவின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். மறுபடி கையிலிருந்ததைப் பார்த்தார்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார்.

புதுசு வாங்கு என்பார்; கடைக்காரர் வேறென்ன சொல்வார்? "அதெல்லாம் அப்புறம் பாய், மொதல்ல ஊசி நிமிரட்டும்" என்று அனுப்பிவைத்தேன். மேகலா என்னைத் திட்டவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கி அவருடைய ஸ்கூட்டரில் வைத்து, தெருக்கோடியில் இருக்கும் சிநேகிதி லுப்னா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ராத்திரி தூங்க மட்டும்தான் வீட்டுக்கு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பெண்ணைப் பெற்றவர் நீங்கள், உங்களுக்குப் புரியும்.

உடனே கமிட்டி போட்டோம். ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற சுப்பராயன், தோல் கெமிக்கல் வியாபாரம் செய்த ஜியாவுல்லா பாய், நான். சுப்பராயன் ரெஜிஸ்டரில் ஏற்றாமல் எதையும் தொடமாட்டார். பூதக்கண்ணாடி வைத்து எண்ணி, சாய்ந்தவை இருபத்தேழு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண், சாய்ந்த திசை, காரணம் என்று கட்டம் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் இருபத்தேழு தடவையும் என் பெயரை எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. நான் என் பங்குக்கு ஊசிகளை ஏ, பி, சி, கழிவு என்று தரம் பிரித்தேன். ஜியாவுல்லா பாய் வேறு கட்சி. காய்ந்த தோலை இழுத்தால் கிழியும், முதலில் ஈரம் காட்ட வேண்டும், மரத்தூளை நனைத்து அதில் புதைத்து வைக்கலாம் என்றார். நாங்கள் வாதாடி ஈரத்துணியோடு நிறுத்தினோம். செவ்வாய் முழுக்க ஈரத்துணியில், புதன் முழுக்க வெயிலில். அன்று சாயங்காலம் டீ கொண்டுவந்து வைத்த உங்கள் மாமியார் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"மூணு பெரிய மனுஷங்க ஒரு ஊசியச் சுத்தி மூணு நாளா ஒக்காந்துகினு இருக்கீங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்னு ஒருத்தராவது போய்க் கேட்டீங்களா?"

டெக்னிகல் விஷயத்தில் பதில் சொல்லி அவளைக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வியாழனன்று நிமிர்த்தும் வேலை தொடங்கியது. லெட் போட்டு எழுதும் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தத் துளையை ஊசியில் மாட்டி, மெல்லத் தூக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. எங்கள் மூவரில் நடுங்காத கை யாருடையது என்று தீர்மானிக்க அரை நாள் ஆனது. அதில் பாய்க்கும் சுப்பராயனுக்கும் சின்ன மனஸ்தாபம் வேறு. வெள்ளி மாலைக்குள் இருபத்தாறு ஊசிகள் நிமிர்ந்தன. இருபத்தேழாவது ஒடிந்தது. நான் முதல் நாளே கழிவு என்று ஒதுக்கிய ஊசிதான் அது. என் செலக்‌ஷன் தப்பவில்லை. சுப்பராயன் அதற்கு நேராக "பணியில் இருக்கையில் மரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நேற்று காலை பத்து மணிக்கு மேகலாவும் தபரேஸும் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டே மணி நேரம். தபரேஸ் ப்ராசசரை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஐந்தே நிமிடத்தில் மூடியைப் பூட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டார். அந்த மென்பொருள் சட்டென்று திறந்தது. மூன்று ஷூவும் முழுசாகத் திரையில் வந்து நின்றன, வேகம் அப்படி. அனுப்பியாச்சா என்று கேட்டேன். அனுப்பியாச்சுப்பா என்றாள். பாயும் சுப்பராயனும் மனஸ்தாபத்தை மறந்து கைகொடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை, உங்கள் பேச்சை மீறிப் பெட்டியைத் திறந்தது என் தவறு. மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பெண்ணின் பிழைப்பை ஓய்வு பெற்ற மூன்று பேர் ஒரு பென்சிலை வைத்து நிமிர்த்தினார்கள் என்பதை உங்கள் ஆபீசில் நாலு பேரிடம் சொல்லலாம். பெரியவளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் உத்தியோகம் மேலும் மேலும் உயரட்டும்.

இப்படிக்கு,
வேதாசலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மேகலா இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, அந்த ப்ராசசர் கம்ப்யூட்டருக்குள் போகவே இல்லை என்றாள். தபரேஸின் சட்டைப் பைக்குள் போனதாம். அவளுடைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற ப்ராசசரில் ஊசியே கிடையாதாம். நீங்கள் அனுப்பியது வேறு ரகம், எந்தக் காலத்திலும் அதில் உட்காராது. திங்கட்கிழமை தபரேஸ் சொல்ல வந்தது அதைத்தான். குறைவாக இருந்தது மெமரி மட்டும். அதை அன்றைக்கே லுப்னா வீட்டில் வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்று பேட்டர்னும் வியாழக்கிழமையே போய்விட்டன. வெள்ளிக்கிழமை வேலையும் உறுதியாகிவிட்டது.

"ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொல்லியிருந்தா மூணு பேரும் எனக்கு ஹெல்ப் பண்ண வந்திருப்பீங்கப்பா" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே உங்களிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தப்பு சரிபாதி. உங்கள் பாதிக்கு நீங்களே மேகலாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். என் பாதிக்கு நான் கேட்கப் போனேன். அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.